என் பெயர் ஒட்டிய ரத்தம்

தம்பி,

நலம் விசாரிப்பதை எல்லாம் உன் அம்மா போனிலேயே முடித்துவிடுகிறாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் திருச்சி ஏர்போர்ட்டில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப்போனவன், என்ன நினைத்தாயோ, திரும்பி வந்து என் காதருகே குனிந்து கேட்டாய். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு சுகர் இருக்கா, இல்லையா?" நான் "போ, போ, நேரமாச்சு" என்று உன் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன். நீ கேட்டது அன்று முளைத்த சந்தேகம் இல்லை என்று எனக்குத் தெரியும். லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம் இருந்தபோது, லீவில் வந்த என் விரலைத்தான் முதலில் குத்திப் பழகினாய். நார்மல். மறுநாள் சாப்பிட்ட பிறகு குத்தினாய். நார்மல். "மாத்திரை எங்கப்பா?" என்றாய். "துபாய்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன். மாத்திரை இல்லாமல் இருபது நாள் எப்படி நார்மல் வரும் என்று நீ யோசித்தது உன் முகத்தில் தெரிந்தது. "எல்லாம் என் கேழ்வரகும் பாவக்காயும்" என்று உன் அம்மா பெருமையாகச் சொல்ல, நான் அதையே பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

எனக்குச் சுகர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வருடமாக உன்னையும் உன் அம்மாவையும் ஏமாற்றி வந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கேடு ஒருவனுக்குச் செய்திருக்கிறேன். அவன் உனக்குத் தெரிந்தவன்தான். நீ சித்தப்பா என்று கூப்பிடும் செல்வராசு.

செல்வராசுவும் நானும் துபாயில் அல் கூஸ் லேபர் கேம்ப்பில் ஒரே ரூமில் பதினொரு வருடம் இருந்தோம். ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள் அவன். கம்பெனியின் இரும்பு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நான் அதே ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோரில் போல்ட், நட், வெல்டிங் ராடு எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன். எனக்கு நாலு வயது இளையவன் என்பதால் முதல் நாளிலிருந்தே அண்ணே, நீங்க என்றுதான் பேசுவான். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் நம் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போவான். நீ ஏழாவது படிக்கும்போது அவன் கொண்டுவந்து கொடுத்த கால்குலேட்டர் நான் வாங்கி அனுப்பியது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அது அவன் வாங்கியது. இதைக்கூட நான் உன்னிடம் சொன்னதில்லை பார்.

2006-இல் கம்பெனி எல்லோருக்கும் சுகர் டெஸ்ட் எடுக்க ஏற்பாடு செய்தது. வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததில் மேனேஜருக்குப் பயம். ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து வெள்ளிக்கிழமை காலை கேம்ப் மெஸ்ஸுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று அறிவிப்பு. டியூப்பில் பெயர் ஒட்டுவதற்கு இங்கிலீஷ் எழுதத் தெரிந்த, கையெழுத்து நன்றாக இருக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். என்னைத் தவிர யார்? எனக்கும் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் மாலையே அட்டெண்டன்ஸ் லிஸ்டை வைத்து அறுபது பேர் பெயரையும் எழுதி, டியூப்களில் ஒட்டி, வரிசையாக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். ஸ்டோரில் எனக்கு அதுதான் பழக்கம். சரக்கு வருவதற்கு முன்பே ட்ரேயில் பெயரை ஒட்டிவிடுவேன். வந்தால் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. நட்டும் போல்ட்டும் போட்ட இடத்தில் கிடக்கும், மனிதன் அப்படிக் கிடக்க மாட்டான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உன் படிப்பில் முதல் வாரமே இதைத் தப்பு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த நர்ஸ் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரே ஆளாக வந்திருந்தவர், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று விட்டுவிட்டார்.

லிஸ்டில் என் பெயருக்கு அடுத்தது செல்வராசு. என் முறை வந்தபோது மேனேஜர் ஏதோ கேட்கிறார் என்று நான் எழுந்து போனேன். செல்வராசு, "நீங்க பேசிட்டு வாங்கண்ணே, நான் குடுத்துட்டு ஓடிடறேன், பசி கண்ணக் கட்டுது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் ஸ்டாண்டில் அடுத்து இருந்த டியூப்பை எடுத்தார். அது என்னுடையது. நான் திரும்பி வந்து கையை நீட்டியபோது அவர் எடுத்த டியூப்பில் செல்வராசு என்று என் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் தம்பி. தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு லேபிளை உரித்து மாற்றி ஒட்டினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த நேரம் பார்த்து மேனேஜர் என் பின்னால் நின்று, "பஹுத் அச்சா காம், பாய்" என்று என் வேலையைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் லேபிளை உரிப்பதா என்று இருந்தது. இரண்டு பேருமே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம், என்ன வந்துவிடப் போகிறது என்று கையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. மேனேஜர்தான் லிஸ்டை முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "பாய், ஆப்கா சுகர் பஹுத் ஹை ஹை" என்றார், எனக்குச் சுகர் ரொம்ப அதிகமாம். என் பெயருக்கு நேரே முந்நூறுக்குப் பக்கம் போட்டிருந்தது. செல்வராசுவுக்கு நேரே நார்மல். இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "இனி நீ ஸ்டோர் சூட்டில் நிற்க வேண்டாம், ஆபீசில் ஒரு சீட் காலியாக இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பேப்பர் வேலை பார்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். ஏசி ஆபீஸ், தம்பி. ஐம்பது டிகிரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஒன்பது வருடம் நின்றவனுக்கு ஏசியில் நாற்காலி. வாயை மூடிக்கொண்டேன். அந்த நாற்காலி நியாயப்படி செல்வராசுவுக்கு வந்திருக்க வேண்டியது, அல்லது அவனுக்கு வேறொரு லேசான வேலையாவது கிடைத்திருக்க வேண்டியது. அவன் நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு ஹெல்த் கார்டு எழுதிக் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அவன் கார்டில் 'நார்மல்' என்று நானே எழுதினேன். அவன் அதை வாங்கி, மடிக்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

கிளினிக்கில் என்னை வரச் சொன்னார்கள். அங்கே விரலைக் குத்திப் பார்த்தால் நார்மல். டாக்டர் லிஸ்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊரிலிருந்து மாத்திரை வரவழைத்துச் சாப்பிடுகிறேன் சார், வாயையும் கட்டிவிட்டேன்" என்று கூசாமல் சொன்னேன். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாதாமாதம் அந்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க ஒன்பது பொய் என்பார்களே, நான் ஒன்பதோடு நிறுத்தவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வெட்கமானது. ரூமில் ஆறு பேர் முறை வைத்துச் சமைப்போம். எனக்குச் சுகர் என்று கேள்விப்பட்ட அன்றே செல்வராசு, "அண்ணனுக்கு நான் தனியா செஞ்சிடறேன், யாரும் தலையிடாதீங்க" என்று சொல்லிவிட்டான். டியூட்டி முடிந்து, வெல்டிங் புகையோடு வந்து, குளித்துவிட்டு எனக்குத் தனியாகச் சப்பாத்தி உருட்டுவான். பாகற்காய் வதக்குவான். தேரா பஜாருக்குப் போனால் மசாலா கடைகளில் தேடி வெந்தயம் வாங்கி வருவான். எனக்கு அதை எல்லாம் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து மலை மாதிரி சோறும், மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிடுவான். நோயாளி சமைக்க, நோயில்லாதவன் பத்தியம் சாப்பிட்டேன். "கிளினிக்ல என்ன சொன்னாங்கண்ணே?" என்பான். "நார்மலா இருக்காம்" என்பேன். "பின்ன, யாரு சமையலு!" என்று ரூமுக்கே கேட்கும்படி சிரிப்பான். அடுத்த லீவில் ஊருக்கு வந்தவன், உன் அம்மாவிடமும் எனக்கு எதெல்லாம் ஆகாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் கொல்லையில் காய்த்த பாகற்காயை ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படித்தான் நம் வீட்டில் நான் சுகர்காரன் ஆனேன். நீயும் அப்பாவுக்குச் சுகர் என்பதால்தான் இந்தப் படிப்பையே எடுத்தாய். "அப்பாவுக்கு நானே டெஸ்ட் பண்ணுவேன்" என்று நீ போனில் சொன்ன அன்று நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றேன். லைன் சரியில்லை என்று நினைத்து நீ வைத்துவிட்டாய்.

நான் முயற்சியே செய்யவில்லை என்றும் இல்லை. கோழைக்குத் தெரிந்த முயற்சி. ஒரு வெள்ளிக்கிழமை தேராவில் படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் அவன் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து, மூன்று தடவை பாத்ரூம் தேடி ஓடினான். "டேய் செல்வராசு, நீயும் ஒரு தடவ சுகர் பாத்துக்கயேன்" என்றேன். "எனக்கென்னண்ணே? கார்டுலயே நார்மல்னு போட்டிருக்கு. நீங்க எழுதுனதுதானே?" என்றான். "அது எப்பவோ எடுத்ததுடா." "போன மாசம் விசா ரினியூவலுக்கு ரத்தம் எடுத்தான், எக்ஸ்ரே எடுத்தான். ஃபிட்டுன்னு முத்திர குத்திக் குடுத்துட்டான். கவர்மென்ட்டே சொல்லிட்டான், அப்பறம் என்ன?" விசாவுக்குப் பார்ப்பது தொற்றுநோய்கள், அதில் சுகர் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும், ஆபீசில் அந்தப் பேப்பர் எல்லாம் என் கையால்தான் போகும். அதையும் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்திச் சொன்னால், ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்று கேட்பானே என்ற பயம். இப்போது நீ உட்கார்ந்திருக்கும் ஷார்ஜா லேபிலும் இப்படிச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். 'ஃபிட்' என்றால் உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று நம்மாட்கள் நம்புகிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல். நான் சொல்லாமல் விட்டதை நீயாவது சொல்.

2008-இல் அவன் ஷூவுக்குள் ஒரு இரும்புச் சுருள் புகுந்து பாதத்தைக் குத்தியிருக்கிறது. வலியே தெரியவில்லை. எத்தனை நாள் அதோடு நடந்தானோ. ரூமில் ஒரு வாடை வர, எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் அவன் சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்ல நான்தான் கட்டில் பக்கத்தில் நின்றேன். "எத்தனை வருடமாகச் சுகர்?" என்றார் டாக்டர். நான் தமிழில் சொன்னேன். "எனக்கு சுகரே கெடையாதுன்னு சொல்லுங்கண்ணே. செக் பண்ணியிருக்கு. பர்ஸுல கார்டு இருக்கு, எடுத்துக் காட்டுங்க" என்றான். அவன் பர்ஸிலிருந்து நானே கார்டை எடுத்தேன். நானே டாக்டரிடம் நீட்டினேன். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் கார்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு மாதத்தில் விசா கேன்சல், அவன் ஊருக்கு வந்துவிட்டான். கம்பெனி வேறு ஒன்றும் கேட்கவில்லை. கலாஸ், முடிந்தது என்று ஃபைலை மூடியதும் என் மேஜையில்தான்.

நானும் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, நம் வீட்டில் அவன் பேச்சு வந்தபோது நீ ஒருமுறை, "சித்தப்பா வாயக் கட்டியிருந்தா கால் போயிருக்காதுப்பா. உங்களப் பாத்தாவது கத்துக்கிட்டு இருக்கலாம்" என்றாய். நான் "ஆமாம்" என்றேன். தம்பி, அந்த ஆமாமுக்காக என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகன் ஊர் பேர் தெரியாத ஆட்களின் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிறான், நான் இங்கே இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு. போன திங்கட்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான் செல்வராசு. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்று அதைத்தான் பிடித்திருக்கிறான். "வாங்கண்ணே" என்று முகமெல்லாம் சிரித்தான். அவன் மனைவி வயலுக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதுதான் என்று, கொண்டுபோன பையைக்கூடத் திறக்காமல், லேபிள் ஒட்டியதிலிருந்து கார்டை நீட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பர்னரின் துளைகளை ஊசியால் குத்திக்கொண்டே கேட்டான். நான் முடித்த பிறகும் குத்திக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும்?" என்றான்.

"ரத்தம் எடுத்த அன்னிக்கே."

ஊசியைக் கீழே வைத்தான். "என் ரத்தம்னு தெரிஞ்சும், ரெண்டு வருசம் என் கையால தின்னிருக்க" என்றான். பதினொரு வருடம் அண்ணே, நீங்க என்று கூப்பிட்டவன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அவன் காலில் விழப்போனேன். விழுவதற்கு அவனுக்கு ஒரு கால்தான் இருந்தது. அதையும் அவன் இழுத்துக்கொண்டான்.

அழுதேன். அவன் அழவில்லை. என்னை அழாதே என்றும் சொல்லவில்லை. புறப்படலாம் என்று எழுந்தபோது, "உம் மவன் ஷார்ஜால ரத்தம் எடுக்கற வேலயிலதான இருக்கான்?" என்றான். ஆமாம் என்றேன். "என் தம்பி அஜ்மான்ல கார்பெண்டரா இருக்கான். தாகம் தாகம்னு போன்ல சொல்றான், வெயிலு வெயிலுங்கறான். உம் மவன் அவனுக்கு ஒருக்கா பாக்கட்டும். ஆனா நீ செஞ்சத மொதல்ல உம் மவனுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது. அதத் தெரிஞ்சுக்கிட்டு அவன் ஊசிய எடுக்கட்டும்" என்றான்.

இந்தக் கடிதம் அதனால் எழுதுவது. நானாக எழுதினேன் என்ற பெருமைகூட எனக்கு இல்லை. நேற்று உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ள நமக்குப் பாவக்காயச் சுமந்துக்கிட்டு வந்துச்சேங்க" என்றாள். உனக்கு நான் புத்திமதி சொல்லும் தகுதியில் இல்லை. இருந்தாலும் இந்த ஒன்றில் என்னைவிடப் பட்டவன் கிடையாது என்பதால் சொல்கிறேன். நாற்காலியில் வந்து உட்காருகிறவனிடம், நீதானே இன்னார் என்று கேட்காதே. பசியிலும் பயத்திலும் இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான். அவன் பெயரை அவன் வாயால் சொல்லச் சொல். ரத்தத்தை எடுத்த பிறகு, அவன் கண் முன்னால் எழுதி ஒட்டு. தப்பாகிவிட்டது என்று தெரிந்தால், யார் பின்னால் நின்று பாராட்டிக்கொண்டிருந்தாலும் சரி, அந்த நிமிடமே கையைத் தூக்கிச் சொல். வேலை போனால் போகட்டும். ஊருக்கு வா. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிச் செல்வராசுவிடம் நீ தூது போகாதே. அப்படி ஒன்றை நான் அவனிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அவன் தம்பியை இந்த வெள்ளிக்கிழமையே போய்ப் பார். ரிசல்ட் எதுவானாலும் செல்வராசுவுக்கு நீயே போன் செய்து சொல். என் வழியாகச் சொல்லாதே.

அன்று புறப்படும்போது, அவன் தம்பியின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்ளலாம் என்று நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். செல்வராசு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். "நீ எழுதாத" என்றான். பக்கத்தில் கிடந்த தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, மடியில் வைத்து, அவனே எழுதி என்னிடம் கொடுத்தான். அந்த அட்டையை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ள பெயரை நான் இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை.

அப்பா